குழந்தைப் பருவமும் குடும்பமும்: சமூகவியல் பார்வைகள்

பிறந்த கன்று சில மணி நேரத்தில் எழுந்து தாயின் மடியைத் தேடிப் போகிறது. மனிதக் குழந்தைக்கு நடக்கவே ஓராண்டு ஆகிறது. தன் பசியைத் தானே தீர்த்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிறரைச் சார்ந்திருக்கும் இந்த நீண்ட காலம் எல்லாச் சமூகங்களுக்கும் பொது. ஆனால் அது எந்த வயதில் முடிகிறது, அதுவரை பிள்ளை என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பேற்க வேண்டும், பிள்ளையின் உழைப்பு யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விகளுக்கு உடலியல் விடை சொல்வதில்லை. அந்த விடைகளைச் சமூகமே வகுக்கிறது. காலந்தோறும் மாற்றியும் வகுக்கிறது.

இந்தியச் சட்டத்தில் இதை நேரடியாகக் காணலாம். மணமான பெண்ணுக்கும் பொருந்தும் உடலுறவு ஒப்புதல் வயதை 1891ஆம் ஆண்டுச் சட்டம் 10இலிருந்து 12ஆக உயர்த்தியபோது, அது குடும்பத்துக்குள் அரசு தலையிடும் செயல் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. 1949இல் அது 15 ஆனது. 1978இல் 18 ஆனது. தொண்ணூறு ஆண்டுகளுக்குள் பெண் பிள்ளைகளின் உடல் வளர்ச்சியில் பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை. மாறியது, யாரைச் சிறுமி என்று கொள்வது என்ற சமூகத்தின் கணிப்பு. குழந்தைப் பருவத்தையும் குடும்பத்தையும் பற்றிய சமூகவியல் ஆய்வுகள் எல்லாம், வெவ்வேறு வழிகளில், இந்தக் கணிப்பு எப்படி உருவாகிறது என்பதையே தேடுகின்றன.

அரியேஸ் எழுப்பிய கேள்வி

இந்தத் துறையில் நெடுங்காலம் நீடித்த விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் அரியேஸ். வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே வரலாறு எழுதிய அவர், தம்மை ‘ஞாயிற்றுக்கிழமை வரலாற்றாசிரியர்’ என்று சொல்லிக்கொண்டார். பழைய பிரான்சில் குழந்தையும் குடும்ப வாழ்வும் எப்படி இருந்தன என்பதைப் பற்றிய அவரது நூல் 1960இல் வெளியானது. இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் தனியொரு பருவம் என்ற உணர்வே இல்லை என்பது அதன் மையக் கருத்து. தாயோ செவிலியோ இல்லாமல் சமாளிக்கும் வயது, ஏறக்குறைய ஏழு, வந்ததும் பிள்ளை பெரியவர்களின் உலகத்துக்குள் கலந்துவிட்டது. வேலை, விளையாட்டு, கேளிக்கை எதிலும் வயதுக்கென்று தனி எல்லை இருக்கவில்லை என்றார் அவர்.

சான்றுகளை அவர் ஓவியங்களிலும் உடையிலும் விளையாட்டுகளிலும் பள்ளி வரலாற்றிலும் தேடினார். பழைய ஓவியங்களில் குழந்தைகள் பெரியவர்களின் முகமும் உடற்கட்டும் கொண்டு, அளவில் மட்டும் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். குழந்தைக்கென்று தனி உடை 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான், அதுவும் மேல்தட்டு வீட்டு ஆண் பிள்ளைகளுக்கு முதலில், வழக்கத்துக்கு வருகிறது. 1601இல் பிறந்த பிரெஞ்சு இளவரசர் பதின்மூன்றாம் லூயியின் அன்றாட வளர்ச்சியை அரண்மனை மருத்துவர் எரோவார் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அதில் சிறு வயது இளவரசர் பொம்மையோடு விளையாடுகிறார். அதே வயதில் பெரியவர்களின் ஆட்டங்களிலும் கலந்துகொள்கிறார். இன்று குழந்தையின் காதில் விழக் கூடாது என்று கருதப்படும் பேச்சுகள் அவர் முன்னால் தயக்கமின்றிப் பேசப்படுகின்றன. ஏழு வயதில் குழந்தை உடை களையப்பட்டு, பெண்களின் பொறுப்பிலிருந்து ஆண்களின் பொறுப்புக்கு அவர் மாற்றப்படுகிறார். பின்னாளில் பள்ளியும், தனக்குள் ஒடுங்கிய சிறு குடும்பமும் சேர்ந்து குழந்தையைப் பெரியவர்களின் உலகத்திலிருந்து பிரித்தெடுத்தன என்பது அரியேஸின் முடிவு.

மறுப்புகள் பல முனைகளிலிருந்து வந்தன. ஓவியம் வாழ்க்கையின் நேர்ப்பதிவு ஆகாது என்பது முதல் மறுப்பு. குழந்தை இயேசுவை முதிர்ந்த முகத்தோடு வரைந்தது சமய மரபு. அதைக் கொண்டு வீட்டுப் பிள்ளையைப் பெற்றோர் எப்படிப் பார்த்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது. லிண்டா பொல்லாக் 1500 முதல் 1900 வரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட ஏறத்தாழ 500 நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பதறுவது, பல் முளைத்ததைக் குறித்து வைப்பது, இறந்த குழந்தையை நினைத்து ஆண்டுகள் கழித்தும் அழுவது என்று எல்லா நூற்றாண்டுகளிலும் பெற்றோரின் பாசத்துக்குச் சான்றுகள் கிடைத்தன. இடைக்கால இங்கிலாந்தின் தொட்டில்களையும் விளையாட்டுப் பொருள்களையும் ஆராய்ந்த நிகோலஸ் ஓர்ம் 2001இல் இதே முடிவுக்கு வந்தார்.

அரியேஸின் விடை பெருமளவு கைவிடப்பட்டாலும் அவரது கேள்வி நிலைத்துவிட்டது. பாசம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கலாம்; அந்தப் பாசத்தோடு சேர்ந்து வரும் கடமைகள், பிரிவினைகள், எதிர்பார்ப்புகள் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை. பாசம் வெளிப்படும் விதமே சூழலைப் பொறுத்தது என்று நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1992இல் எழுதினார். வடகிழக்கு பிரேசிலின் சேரி ஒன்றில் அவர் கண்ட தாய்மார், பிழைக்குமா என்று தெரியாத சவலைக் குழந்தையிடம் மனத்தைப் பறிகொடுக்காமல் விலகி நின்றார்கள். அது தேறி வந்த பிறகே நெருங்கினார்கள். பசியும் நோயும் மலிந்த இடத்தில் தாய்மையின் நடைமுறை வேறாக இருக்கிறது என்பது அவரது வாதம். அவரது கண்டறிதலையும் சிலர் மறுத்திருக்கிறார்கள்.

பழைய வீட்டில் எத்தனை பேர்

முன்பு எல்லாரும் பெரிய கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்தார்கள், தொழிற்சாலை வந்ததும் அவை உடைந்து தனிக்குடும்பங்கள் ஆயின என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பலர் நம்பினார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பீட்டர் லாஸ்லெட்டும் அவரது குழுவினரும் இந்த நம்பிக்கையை எண்ணிக்கையால் சோதித்தார்கள். 1574 முதல் 1821 வரை எடுக்கப்பட்ட ஆள்கணக்குப் பட்டியல்களைக் கொண்டு நூறு ஆங்கில ஊர்களைக் கணக்கிட்டபோது, ஒரு வீட்டில் சராசரியாக 4.75 பேர் மட்டுமே இருந்தார்கள். தொழிற்புரட்சிக்கு முன்பே இங்கிலாந்தில் சிறு குடும்பமே பெருவழக்கு.

அதற்கான காரணத்தை ஜான் ஹைனால் 1965இல் விளக்கினார். பால்டிக் கரையிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து அட்ரியாட்டிக் கரையிலுள்ள திரியெஸ்தே வரை கோடு கிழித்தால், அதற்கு மேற்கே பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்தார்கள். கணிசமானோர் மணம் செய்யாமலே இருந்தார்கள். மணமானதும் தனி வீடு அமைக்க வேண்டும். அதற்குப் பணம் சேர்க்க வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து வயதில் பெற்றோர் வீட்டை விட்டுப் போய் இன்னொருவர் பண்ணையிலோ பட்டறையிலோ வேலையாளாக இருந்து பல ஆண்டுகள் கழிப்பது வழக்கமாயிற்று. பிள்ளை பெற்றோர் வீட்டிலேயே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகும் வயதில் வெளியேறும் இன்றைய வரிசை அங்கே பழைய மரபன்று.

உழைத்த பிள்ளை, விலைமதிப்பற்ற பிள்ளை

தொழிற்சாலைகள் பிள்ளைகளின் உழைப்பைப் புதிதாகப் படைக்கவில்லை. வயலிலும் வீட்டுத் தறியிலும் பெற்றோரின் கண்முன் நடந்த உழைப்பை அவை இயந்திரத்தின் வேகத்துக்கும் அந்நியரின் அதிகாரத்துக்கும் கீழே கொண்டுவந்தன. எதிர்ப்பும் அங்கேதான் பிறந்தது. 1833இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், பட்டு ஆலைகள் தவிர்த்த பிற நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கத் தடை விதித்தது. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் 48 மணி நேர வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கே பேர். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் சுரங்கத்திலிருந்து வெளியேற்றியது. 1880இல் பள்ளிக்கு வருவது கட்டாயமானது. 1891இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீங்கியது. பிள்ளையை வேலையிலிருந்து விலக்கிய சட்டமும் பள்ளிக்கு இழுத்த சட்டமும் இரண்டும் சேர்ந்தே இன்று நாம் அறியும் குழந்தைப் பருவத்தை அமைத்தன.

இந்த மாற்றத்தின் உள்ளே பிள்ளையின் மதிப்பு எப்படி மாறியது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் விவியானா ஸெலிஸர் 1985இல் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட காலம் 1870 முதல் 1930 வரை. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரையுள்ளவர்களில் சுமார் 17.5 இலட்சம் பேர், அதாவது ஆறில் ஒருவருக்கு மேல், வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளை குடும்பத்துக்கு வருமானம் கொண்டுவரும் உறுப்பினர். விபத்தில் இறந்தால் நீதிமன்றமும் அந்தக் கணக்கையே போட்டது. 1896இல் ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் விபத்தில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெற்றோர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அண்டை வீட்டுக்குப் போய் வருவான், சின்னக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவான், அவன் உதவி மாதம் இரண்டு டாலர் பெறும் என்று வாதிட்டார்கள். சம்பாதிக்க இயலாத வயது என்று கூறி, அடக்கச் செலவுக்கு மேல் எதையும் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1979இல் நியூயார்க்கில் பல் மருத்துவமனை ஒன்றில் இறந்த மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு நடுவர் குழு 7,50,000 டாலர் வழங்கியது. அந்தக் குழந்தையும் எதையும் சம்பாதிக்கவில்லை. இழப்பீட்டின் அளவுகோல் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

பொருளாதார மதிப்பு குறையக் குறைய உணர்வு மதிப்பு ஏறியது என்பது ஸெலிஸரின் முடிவு. 19ஆம் நூற்றாண்டில் கைக்குழந்தையை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அதை ஒப்படைக்கப் பெற்றவளே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. தத்துக்கு விரும்பப்பட்டவர்கள் வேலைக்கு உதவும் வளர்ந்த சிறுவர்கள். 20ஆம் நூற்றாண்டில் கைக்குழந்தைக்காகத் தம்பதியர் காத்திருந்தார்கள். பணம் கொடுக்கவும் முன்வந்தார்கள். சட்டம் இந்த மாற்றத்தை எளிதில் எட்டவில்லை. சிறார் உழைப்பைக் கட்டுப்படுத்த 1916இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. நாடு தழுவிய, நிலைத்த தடை 1938இல்தான் வந்தது.

இதே மாற்றத்தைப் பிறப்பு விகிதத்தின் கோணத்திலிருந்து பார்த்தவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல். நைஜீரியாவில் செய்த ஆய்வுகளைக் கொண்டு 1976இல் அவர் முன்வைத்த கோட்பாடு, தலைமுறைகளுக்கிடையே செல்வம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கேட்கிறது. பிள்ளைகளின் உழைப்பும் பின்னாளில் அவர்களது ஆதரவும் பெற்றோரை நோக்கிப் போகும் சமூகத்தில் அதிகப் பிள்ளைகளைப் பெறுவது பகுத்தறிவுக்கு உகந்ததே. எல்லாருக்கும் பள்ளி வந்துவிட்டால் கட்டணம், சீருடை, நேரம் எல்லாம் பெற்றோரிடமிருந்து பிள்ளையை நோக்கிப் பாய்கின்றன. பெறும் எண்ணிக்கை குறைகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1992–93இல் ஏறத்தாழ 2.5ஆக இருந்த கருவள விகிதம் 2019–21இல் 1.8 ஆனது. இந்தச் சரிவுக்குக் குடும்பநலத் திட்டமும் குறைந்த சிசு மரணமும் பெண்கல்வியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க ஆகும் செலவு பற்றிய பெற்றோரின் கணக்கும் அவற்றோடு சேர்கிறது.

குடும்பம் எதற்காக

குடும்பம் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செல்வாக்கோடு விடை சொன்னவர்கள் செயற்பாட்டுவாதிகள், அதாவது சமூக அமைப்புகளை அவை செய்யும் பணியைக் கொண்டு விளக்குவோர். ஜார்ஜ் மர்டாக் 250 சமூகங்களின் விவரங்களை ஒப்பிட்டு, பாலுறவு, பொருளாதாரம், இனப்பெருக்கம், கல்வி ஆகிய நான்கு பணிகளைக் குடும்பம் எங்கும் செய்கிறது என்று 1949இல் எழுதினார். கல்வியைப் பள்ளியும் உற்பத்தியைத் தொழிற்சாலையும் எடுத்துக்கொண்ட பிறகு குடும்பத்துக்கு எஞ்சியவை இரண்டு என்றார் டால்காட் பார்சன்ஸ்: பிள்ளைகளைச் சமூகத்துக்கு ஏற்றவர்களாக உருவாக்குவது, பெரியவர்களின் மனநிலையைச் சீராக வைத்திருப்பது. 1955இல் வெளிவந்த அவரது நூலில் கணவன் வெளியுலகத்தோடு தொடர்பு கொள்கிறார், மனைவி வீட்டின் உணர்வுகளைப் பேணுகிறார்.

மர்டாக்கின் பொதுவிதிக்குச் சிக்கல் கேரளத்திலிருந்து வந்தது. மானிடவியலாளர் காத்லீன் கஃப் ஆராய்ந்த நாயர் சமூகத்தின் பழைய மருமக்கத்தாயம் என்ற தாய்வழி உரிமை முறையில் பிள்ளைகள் தாயின் தறவாடு என்ற கூட்டு வீட்டைச் சேர்ந்தவர்கள். வீட்டின் தலைவர் தாய்மாமனாகிய காரணவர். சம்பந்தம் என்ற மண உறவு கொண்ட ஆண் வந்து போகிறவர். பிள்ளைக்குச் சோறிடுவதும் சொத்து வைப்பதும் தந்தையின் கடமைகளாக இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ்ச் சேராமலே இங்கே ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறது. சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்த முறையைத் தளர்த்தின. கேரள அரசு 1975இல் இயற்றிய சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்துரிமையையே நீக்கியது.

மற்றொரு விமரிசனம் குடும்பத்துக்குள் நிலவும் அதிகாரத்தைப் பற்றியது. தனிச்சொத்தை வாரிசுக்குக் கடத்தும் கருவியாகக் குடும்பத்தை எங்கெல்ஸ் 1884இலேயே விளக்கியிருந்தார். 1970களில் பெண்ணியச் சமூகவியலாளர்கள் வீட்டுவேலையை வேலையாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். ஆன் ஓக்லியின் 1974ஆம் ஆண்டு நூல் அவற்றில் முன்னோடி. வேலைக்குப் போகும் பெண் வீடு திரும்பியதும் இரண்டாவது பணிமுறை தொடங்குகிறது என்பதை ஆர்லி ஹாக்ஷீல்டு 1989இல் விரிவாகக் காட்டினார். குழந்தைகளைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது மருத்துவம். எக்ஸ்ரே படங்களில் தென்பட்ட பழைய எலும்பு முறிவுகளுக்குப் பெற்றோரின் அடியே காரணமாக இருக்கலாம் என்று ஹென்றி கெம்ப்பும் உடனிருந்த மருத்துவர்களும் 1962இல் வெளியிட்ட கட்டுரை, வீடு எப்போதும் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையை உலுக்கியது.

இந்தியக் குடும்பமும் உறவுமுறையும்

இந்தியக் குடும்பம் பற்றிய ஆய்வுகளில் முதலில் தெளிய வேண்டியிருந்தது, எதைக் கொண்டு கூட்டுக் குடும்பத்தை அடையாளம் காண்பது என்பது. குஜராத்தின் மகுவா என்ற சிறு நகரில் ஆய்வு செய்த ஐ. பி. தேசாய் 1964இல் வெளியிட்ட நூலில், ஒரே அடுப்பில் சமைப்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் பல குடும்பங்கள் தனிக்குடும்பங்களாகத் தெரியும் என்று காட்டினார். அதே குடும்பங்கள் சொத்தையும் கடனையும் சடங்குச் செலவையும் பங்கிட்டுக்கொண்டு, முடிவுகளை ஒன்றாக எடுத்து வந்தன. வீடு வேறு, குடும்பம் வேறு என்ற இந்த வேறுபாட்டை ஏ. எம். ஷா 1973இல் மேலும் வளர்த்தார். அண்ணனும் தம்பியும் தனித்தனி வீட்டில் இருந்தாலும் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணம் சித்தப்பாவின் பொறுப்பாகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வெறும் ஆள்கணக்கு இதைக் காட்டாது.

தென்னிந்தியாவின் தனித்தன்மை திருமண முறையிலிருந்து வருகிறது. ஐராவதி கார்வே 1953இல் எழுதிய நூல் வடக்கையும் தெற்கையும் ஒப்பிடுகிறது. வடக்கில் மணப்பெண் பெரும்பாலும் உறவற்ற அந்நியரின் வீட்டுக்குப் போகிறாள். தெற்கில் மாமன் மகன், அத்தை மகன், சில சாதிகளில் தாய்மாமன் ஆகியோரை மணப்பது ஏற்கப்பட்ட முறை. புகுந்த வீட்டு மாமியார் அத்தையாகவே இருக்கலாம். பிள்ளைக்கும் தாய்வழி உறவும் தந்தைவழி உறவும் இரண்டு வேறு உலகங்களாகப் பிரிவதில்லை. காதுகுத்தில் தொடங்கிப் பூப்புச் சடங்கு வரை தாய்மாமன் சீர் முன்னிற்பதன் பின்னணி இதுவே. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணம் செய்தவர்கள்.

தமிழ்க் குடும்பத்துக்குள் பாசம் எப்படிப் புழங்குகிறது என்பதை மார்கரெட் டிராவிக் தம் 1990ஆம் ஆண்டு நூலில் நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் தங்கியிருந்த கூட்டுக் குடும்பத்தில் தாய் தன் பிள்ளையைப் பிறர் முன் கொஞ்சுவதில்லை. கண் பட்டுவிடும் என்ற அச்சம் ஒரு காரணம், தன் பிள்ளை பிறர் பிள்ளை என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற முறை இன்னொரு காரணம். ஓரகத்தியின் பிள்ளையை வெளிப்படையாகத் தூக்கிக் கொஞ்சலாம். ஒரே பிள்ளைக்குப் பல தாய்மார் கிடைக்கிறார்கள். சீண்டலும் கடுமையும்கூட அன்பின் வடிவங்களாகக் கொள்ளப்படுகின்றன. தாயும் சேயும் தனித்த இணை என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட மேற்கத்திய வளர்ப்புக் கோட்பாடுகளுக்கு இந்த வீடு எளிதில் அடங்கவில்லை.

குழந்தையும் செயற்படும் உறுப்பினர்

மேலே கண்ட ஆய்வுகளில் பலவும் குழந்தைக்கு என்ன செய்யப்படுகிறது என்பதையே பேசின. பார்சன்ஸின் சமூகமயமாதல் கோட்பாட்டில் குழந்தை இன்னும் முழுமை பெறாத பெரியவர். சமூகம் அதற்குள் விதிகளை நிரப்ப வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சமூகவியலாளர்கள் இதைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆலிசன் ஜேம்ஸும் ஆலன் பிரவுட்டும் தொகுத்து 1990இல் வெளியிட்ட நூல் இந்தப் போக்கின் அறிக்கையாக அமைந்தது. குழந்தைப் பருவம் சமூகத்தால் கட்டமைக்கப்படுவது, வர்க்கம், பால், இனம் ஆகியவற்றிலிருந்து பிரித்து அதை ஆராய முடியாது, பிள்ளைகள் தம் வாழ்வையும் சுற்றியுள்ளோர் வாழ்வையும் மாற்றும் ஆற்றல் உள்ளவர்கள் என்பவை அதன் அடிப்படைகள்.

பிள்ளைகளை நேரே கணக்கில் எடுக்காததால் புள்ளிவிவரமும் தவறான படத்தைக் காட்டும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் குவார்ட்ரப் வாதிட்டார். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளை, மூன்றில் இரண்டிரண்டு, மீதி இரண்டில் மும்மூன்று. குடும்பத்தை அலகாக எடுத்தால் பாதிக் குடும்பங்கள் ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள். பிள்ளைகளை அலகாக எடுத்தால் மொத்தம் 17 பேரில் உடன்பிறப்பு இல்லாதவர்கள் 5 பேர், அதாவது நூற்றுக்கு 29 பேர். பெரும்பாலான பிள்ளைகள் அண்ணன் தம்பி அக்கா தங்கையரோடுதான் வளர்கிறார்கள். கணக்கெடுப்பின் அலகு மாறினால் தெருவின் படமே மாறுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ பிள்ளைகளின் உலகத்துக்குள் நுழைந்து பார்த்தவர். அமெரிக்காவிலும் இத்தாலியின் பொலோனா நகரிலும் மழலையர் பள்ளிகளில் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளாக வந்து பேசும் வரை காத்திருப்பது அவர் முறை. இத்தாலியில் அவரது தட்டுத்தடுமாறிய பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், திருத்தினார்கள்; ஆசிரியரைப் போன்ற பெரியவர் இவரல்லர் என்று முடிவு செய்து சேர்த்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து பொம்மை கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. பிள்ளைகள் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு பொம்மைகளைக் கொண்டுவந்து, ஆசிரியர் பார்க்காதபோது நண்பர்களுக்கு மட்டும் காட்டினார்கள். ஆசிரியரும் பல நேரம் கண்டும் காணாமல் விட்டார். இரண்டு பேர் விளையாடும் இடத்துக்கு மூன்றாமவர் வந்தால் சேர்க்க மறுத்தார்கள். பெரியவர்கள் இதைத் தன்னலம் என்று கண்டிக்க, எளிதில் கலைந்துவிடும் ஒரு விளையாட்டைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகக் கோர்சாரோ விளக்கினார். பெரியவர்களின் உலகத்திலிருந்து எடுத்ததைப் பிள்ளைகள் தமக்கேற்ப மாற்றிக் கொள்கிறார்கள். அந்த மாற்றத்தின் வழியாகவே பண்பாடு அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பது அவரது கோட்பாடு.

வர்க்கமும் வளர்ப்பும்

எல்லாப் பெற்றோரும் பிள்ளையின் நலனையே நாடினாலும் நலனுக்கான வழி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் உள்ள பன்னிரண்டு குடும்பங்களோடு நெருங்கிப் பழகி அனெட் லாரோ 2003இல் வெளியிட்ட நூல் இதற்குச் சிறந்த சான்று. நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளையைத் திட்டமிட்டுப் பண்படுத்தினார்கள். பியானோ, கால்பந்து, கோடை முகாம் என்று வாரத்தின் ஒவ்வொரு மாலையும் நிரம்பியிருந்தது. கட்டளைக்குப் பதில் விவாதம் நடந்தது. மருத்துவரைப் பார்க்கப் போகும் வழியில் காரிலேயே ஒரு தாய் மகனிடம், மருத்துவரைக் கேட்க வேண்டிய கேள்விகளை யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். சிறுவன் மருத்துவரை இடைமறித்துத் திருத்தும் அளவுக்குப் பேசுகிறான். உழைக்கும் வர்க்க, ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் உறவுப் பிள்ளைகளோடு தாமே விளையாடி வளர்ந்தார்கள். பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவதில்லை. மருத்துவரின் முன் தாயும் பிள்ளையும் குறைவாகவே பேசினார்கள்.

இரண்டாம் முறையில் வளர்ந்தவர்களுக்குச் சலிப்பு குறைவு, உறவுகளோடு நெருக்கம் அதிகம் என்பதையும் லாரோ குறித்திருக்கிறார். ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் அலுவலகமும் முதல் முறையின் பேச்சையே மதிக்கின்றன. இந்த ஆய்வில் கருப்பர், வெள்ளையர் என்ற வேறுபாட்டைவிட வர்க்க வேறுபாடே வளர்ப்பு முறையில் கூடுதலாகத் தெரிந்தது. பத்தாண்டு கழித்து அதே பிள்ளைகளைச் சந்தித்தபோது கல்லூரி, வேலை ஆகியவற்றிலும் இடைவெளி நீடித்திருந்தது.

வேலை, பள்ளி, உரிமை

ஏழை நாடுகளின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் வேலை, விளையாட்டு என்ற பிரிவினையையே கேள்விக்குள்ளாக்கின. ஓல்கா நியூவென்ஹவுஸ் 1994இல் எழுதிய நூல் கேரளக் கடலோரச் சிற்றூர் ஒன்றைப் பற்றியது. அங்கே சிறுவர்கள் கரைக்கு வரும் வள்ளங்களைச் சுற்றி நின்று, கூடமாட வேலை செய்து, மீன் பெறுகிறார்கள். சிறுமிகள் வீட்டில் தென்னை நார் அடித்துக் கயிறு திரிக்கும் வேலையில் அம்மாவுக்கு உதவுகிறார்கள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த உழைப்பு இல்லாவிட்டால் கயிற்றுத் தொழிலும் மீன்பிடித் தொழிலும் அவ்வளவு மலிவாக நடக்காது. ஆனால் ‘உதவி’ என்ற பெயரில் இருப்பதால் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதிலும் சிறுமிகளின் உழைப்பு சிறிதும் தெரிவதில்லை.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சிறார் உழைப்புச் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியைத் தடைப் பட்டியலில் வைத்த அச்சட்டம், குடும்பத்தினர் உதவியோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியபோதும், பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ இடம் விட்டது. வறுமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற விளக்கத்தை மைரன் வீனர் 1991இல் மறுத்திருந்தார். இந்தியாவைவிட ஏழையாக இருந்த காலத்திலேயே பல நாடுகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தன. உழைப்பவர் பிள்ளை உழைக்கத்தான் வேண்டும் என்று அதிகாரிகளும் படித்த நடுத்தர வர்க்கமும் கொண்டிருந்த எண்ணமே இந்தியாவில் தடையாக இருந்தது என்பது அவர் வாதம். 2002ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே, 1956இல் காமராசர் ஆட்சியில் பரவலான பள்ளி மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பங்கை அரசின் கணக்குக்கு மாற்றியிருந்தன.

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தைகளாக வரையறுக்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அமெரிக்கா இன்னும் உறுதிசெய்யவில்லை. பாதுகாப்பு, கல்வி, உடல்நலம் ஆகியவற்றோடு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் அது பிள்ளைகளுக்குத் தருகிறது. பாதுகாப்பும் கருத்துரிமையும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. கர்நாடகத்தில் 1990இல் உருவான பீமா சங்கம் என்ற உழைக்கும் பிள்ளைகளின் அமைப்பு, தங்களைக் கேட்காமல் தங்கள் வேலையைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்றது. பொலிவியாவில் உழைக்கும் சிறார்களின் சங்கங்கள் போராடியதன் பின்னணியில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், சில நிபந்தனைகளோடு பத்து வயதிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தது. குழந்தைகளின் கருத்தைக் கேட்டதற்காகச் சிலர் அதைப் பாராட்டினார்கள். குழந்தைகளைக் கைவிட்டதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கண்டித்தது. 2018இல் அந்நாடு மீண்டும் 14 வயது வரம்புக்குத் திரும்பியது.